கப்பல் கூலியை யார் போடுவது?

தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் பிறந்தவன் நான். 1986-இல் பிரித்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் வீட்டை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்றைக்கும் வெளியூர் இல்லை. ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கிற ஷிப்பிங் பில் போட்டே என் வேலைக்காலம் முழுவதும் ஓடிவிட்டது. கப்பல் கூலிதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் எந்தத் தீவைப் பற்றிப் படித்தாலும் அங்கே என்ன கொடி பறக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஊருக்குச் சரக்கு யாருடைய கப்பலில் போகிறது என்றுதான் என் கண் தேடும்.

பள்ளிக்கூடத்தில் வ.உ.சி.யைச் செக்கோடு சேர்த்துத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தப்பில்லை. ஆனால் அவர் கதையில் என்னை இழுக்கும் பகுதி ஜெயிலுக்கு முன்னால் வருகிறது. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதுவரை தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வைத்ததுதான் கூலி. 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சுதேசிக் கம்பெனி கொண்டுவந்து நிறுத்தியது. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர்கள் எட்டணா என்றார்கள். உடனே அவர்கள், காசே வேண்டாம், சும்மா ஏறிக்கொள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள்.

அந்தக் குடையைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. சும்மா ஏற்றிக்கொண்டு போகிறவன் நஷ்டத்தைத் தாங்கும் தெம்புள்ளவன். எதிராளி ஓய்ந்ததும் அவன் போடுகிறதுதான் கூலி. தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

சரி, நான் எழுத வந்தது புவேர்ட்டோ ரிக்கோவைப் பற்றி. கரீபியன் கடலில், அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தும் அதன் மாநிலம் ஆகாத தீவு.

அந்தப் பெயரை ஒழுங்காகப் பார்த்தது கப்பல் கூலி விவரம் போட்ட ஒரு தாளில். இங்கிருந்து தேங்காய் நார்த்தூள் கட்டிகள் உலகம் முழுக்கப் போகின்றன. நர்சரிக்காரர்கள் மண்ணுக்குப் பதிலாக வாங்குவார்கள். எங்கள் மூலம் சரக்கு அனுப்பும் கட்சிக்காரர் ஒருவருக்குத் தீவின் தலைநகரான சான் ஹுவானிலிருந்து ஆர்டர் வந்தது. அமெரிக்காவுக்கு நாங்கள் அனுப்பாத இடமில்லை என்ற தைரியத்தில் ஃப்ரைட், அதாவது கப்பல் கூலி, கேட்டுப் பார்த்தோம். இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, கொழும்பு வரை ஃபீடர் என்கிற சிறு கப்பல், அங்கே பெரிய கப்பலில் மாற்றி, ஜமைக்கா பக்கம் இன்னொரு தரம் மாற்றி, அங்கிருந்து சிறு கப்பலில் தீவுக்கு. இன்னொன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இறக்கி, அங்கிருந்து உள்நாட்டுக் கப்பலில். இரண்டாவது வழியின் கடைசித் துண்டுக்குப் போட்டிருந்த தொகையைப் பார்த்ததும் கட்சிக்காரர், “அண்ணாச்சி, இது தப்பா டைப் அடிச்சிருக்காங்க போல, ஒரு தரம் கேட்டுச் சொல்லுங்க” என்றார். தப்பில்லை. தூள் விற்கிற விலைக்கு அந்தக் கூலி கட்டவே கட்டாது. ஆர்டர் அதோடு போயிற்று.

எனக்கு மட்டும் அந்தக் கடைசித் துண்டு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்திலிருந்து சான் ஹுவானுக்கு ஒன்றும் உலகத்தின் மறுகோடி இல்லை. பிறகு ஏன்?

காரணம் ஒரு சட்டம். 1920-இல் வந்த வணிகக் கப்பல் சட்டம். கொண்டுவந்த செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ் பெயரால் ஜோன்ஸ் சட்டம் என்கிறார்கள். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கடல்வழியாகச் சரக்கு ஏற்றுகிற கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாக, அமெரிக்கக் கொடியோடு, பெரும்பாலும் அமெரிக்கர்களே வேலை செய்வதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கப்பல் கட்டும் செலவு கொரியாவிலோ ஜப்பானிலோ ஆகிற செலவைப் போலப் பல மடங்கு. அதனால் புதுக் கப்பல் குறைவு, பழசையே ஓட்டுகிறார்கள். 2015 அக்டோபர் 1 அன்று ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குச் சரக்கோடு போன எல் ஃபாரோ என்ற கப்பல் புயலில் மூழ்கி, அதிலிருந்த 33 பேரும் இறந்தார்கள். 1975-இல் கட்டிய கப்பல் அது. அதை அந்தப் புயலுக்குள் கொண்டுபோனதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 40 வயதுக் கப்பல் அந்த வழியில் ஓடிக்கொண்டிருந்ததற்கு இந்தச் சட்டத்திலும் பங்கு உண்டு.

வெளிநாட்டுக் கப்பல் தீவுக்கு வரவே கூடாதா என்றால், வரலாம். ஆசியாவிலிருந்து நேரே சான் ஹுவானில் சரக்கு இறக்கலாம். ஆனால் அங்கே நியூயார்க்குக்கு ஒரு கன்டெய்னர் பெட்டி கிடந்தால் அதை ஏற்றிக்கொண்டு போக முடியாது. இதன் பொருள் கப்பல் ஆபீஸில் இருந்தவனுக்குச் சட்டென்று விளங்கும். திரும்பும் சரக்கு இல்லாத துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் கம்பெனிகள் தலை காட்டாது. ஆக, சட்டம் பூட்டியது பாதிக் கதவைத்தான். மீதிப் பாதி தானாகச் சாத்திக்கொண்டது. தீவு தின்கிற உணவில் சுமார் 85 விழுக்காடு வெளியிலிருந்து வருவது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, அதே சிலர் கையிலிருக்கிற அதே கப்பல்களில். அந்தச் சிலரும் சும்மா இருக்கவில்லை. தீவு வழியில் கூலியை ஆளுக்காள் பேசிவைத்து ஏற்றியதாக அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு, 2011, 2012 ஆண்டுகளில் மூன்று கப்பல் கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின.

பக்கத்திலேயே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் உருப்படியான பதிலை நான் எங்கும் படித்ததில்லை. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் தீவைப் புரட்டிப் போட்டது. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, ஜோன்ஸ் சட்டத்தைப் பத்து நாளுக்கு நிறுத்தி வைத்தார்கள். மின்சாரம் முழுமையாகத் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆன தீவுக்குப் பத்து நாள் சலுகை. எரிவாயு கதை இதைவிட வேடிக்கை. உலகத்திலேயே அதிகமாகத் திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதி செய்கிற நாடாக அமெரிக்கா ஆகிவிட்டது. ஆனால் அதை ஏற்றிப் போக ஜோன்ஸ் சட்டத்துக்குப் பொருந்துகிற டேங்கர் கப்பல் ஒன்றும் அவர்களிடம் இல்லாததால், சொந்த நாட்டு எரிவாயுவை விட்டுவிட்டுத் தீவு பல வருஷம் டிரினிடாடிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2013-இல் இதை ஆராய்ந்து, இந்தச் சட்டத்தால் தீவுக்கு இவ்வளவு நஷ்டம் என்று துல்லியமாகக் கணக்குப் போட முடியாது, நாள் தவறாமல் வரும் கப்பல் சேவையால் நன்மையும் இருக்கிறது என்று எழுதியது. அந்த இரண்டாவது பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை கப்பல் என்றால் செவ்வாய்க்கிழமை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஃபீடருக்காகக் காத்துக் கிடந்த எங்களுக்குத் தெரியும். நாமும் உத்தமர்கள் இல்லை. 1958-இன் நம் வணிகக் கப்பல் சட்டமும் கரையோர வியாபாரத்தை இந்தியக் கப்பல்களுக்குத்தான் ஒதுக்கி வைத்தது. ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டிகளுக்கு மட்டும் 2018-இல்தான் தளர்த்தினார்கள். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அங்கே சட்டமன்றம் இல்லை, டெல்லிக்குப் போவது ஒரே ஓர் எம்.பி. தீவுக்காரன் குறையைக் கேட்க நாம் கரீபியன் கடல் வரை போக வேண்டியதில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்தக் கூலிச் சிக்கல் 1920-இல் ஆரம்பித்ததும் இல்லை. 1898-இல் ஸ்பெயினைத் தோற்கடித்து அமெரிக்கா தீவை எடுத்துக்கொண்டது. 1900-இல் போட்ட முதல் ஆட்சிச் சட்டத்திலேயே கரையோரக் கப்பல் விதிகளைத் தீவுக்கும் நீட்டினார்கள். அதே சட்டத்தில் தீவு மக்கள் கையிலிருந்த பெசோ நாணயத்தை 60 அமெரிக்க சென்ட் வீதம் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு முந்திய வருஷம்தான் பெரும்புயல் காப்பித் தோட்டங்களை அழித்திருந்தது. கையில் ரொக்கம் இல்லாத தோட்டக்காரர்கள் நிலத்தை விற்றார்கள். கரும்பு பெருகியது, கரும்புக்குப் பின்னால் அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனிகள் வந்தன.

அடுத்த வருஷம் ஒரு வழக்கு. சான் ஹுவானிலிருந்து நியூயார்க்கில் வந்து இறங்கிய ஆரஞ்சுப் பழத்துக்குச் சுங்கக்காரர்கள் 659 டாலரும் சில்லறையும் வாங்கிவிட்டார்கள். தீவே அமெரிக்காவுடையது என்றால் பழத்துக்கு எதற்கு வரி என்று வியாபாரி கோர்ட்டுக்குப் போனார். டவுன்ஸ் எதிர் பிட்வெல், 1901. உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. தீர்ப்பில் ஒரு நீதிபதி, உலகத்தின் முன்னால் இந்தத் தீவு வெளிநாடு இல்லை, ஆனால் உள்நாட்டு அர்த்தத்தில் அமெரிக்காவுக்கு அந்நியம்தான் என்று எழுதினார். எத்தனை சுங்க வழக்குகளின் உத்தரவுகளைப் படித்திருக்கிறேன், இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்ததில்லை. ஆரஞ்சுக்குச் சுங்கம் போடும்போது அந்நியம், கப்பல் கூலிக்கு உள்நாடு. எது தீவுக்கு நஷ்டமோ அந்த அர்த்தம் அன்றைக்கு எடுக்கப்படும். அந்தத் தீர்ப்பை இன்று வரை யாரும் முழுதாகத் தூக்கிப் போடவில்லை.

1917-இல் இன்னொரு ஜோன்ஸ், இவர் வேறு ஆள், தீவு மக்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டத்தைக் கொண்டுவந்தார். அதிலேயே ஒரு சின்னப் பிரிவு: புவேர்ட்டோ ரிக்கோ அரசு விற்கும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு அமெரிக்காவில் எங்குமே வருமான வரி கிடையாது. மத்திய வரி, மாநில வரி, ஊர் வரி எதுவும் இல்லை. இனி இந்தக் கதையை நான் விரிக்க வேண்டியதில்லை. வரி இல்லாத வட்டி என்றால் பணக்காரர்கள் வாங்காமல் இருப்பார்களா? கேட்டவர்கள் கேட்டபோதெல்லாம் கடன் கிடைத்தது. இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வரிச்சலுகை காட்டி அமெரிக்கக் கம்பெனிகளை வரவழைத்தார்கள். 1976-இல் அந்தச் சலுகையை வரிச் சட்டத்தின் 936-ஆம் பிரிவாக எழுதிக்கொண்டதும் மருந்துக் கம்பெனிகள் குவிந்தன. 1996-இல் வாஷிங்டன் மனம் மாறி, பத்து வருஷத்தில் சலுகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவோம் என்றது. 2006-இல் கடைசிச் சலுகையும் போனது. அதே வருஷம் தீவின் பொருளாதாரம் சரியத் தொடங்கியது. சலுகை கொடுத்ததும் தீவு இல்லை, எடுத்ததும் தீவு இல்லை. அதிபர் தேர்தலில் தீவில் குடியிருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பேசலாம், சட்டத்தின் மேல் வாக்களிக்க முடியாது.

2015-இல் கவர்னர் எழுந்து, இந்தக் கடனைக் கட்ட முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னபோது தொகை 7,200 கோடி டாலரைத் தொட்டிருந்தது. இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் வியாபாரி நொடித்துப்போனால் மஞ்சள் கடுதாசி கொடுப்பான். அவமானம்தான், ஆனால் அதற்கும் ஒரு சட்டம், ஒரு கோர்ட், ஒரு முடிவு இருக்கிறது. அமெரிக்காவிலும் டெட்ராய்ட் மாதிரி நகரங்கள் அப்படித்தான் செய்தன. புவேர்ட்டோ ரிக்கோவால் அதுகூட முடியவில்லை. திவால் சட்டத்தில் 1984-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, தீவின் நகராட்சிகளும் மின்வாரியமும் அந்தக் கதவு வழியாக வர முடியாதபடி செய்திருந்தார்கள். சரி, நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறோம் என்று 2014-இல் தீவு போட்டது. மத்தியச் சட்டம் இருக்கும்போது நீங்கள் போட முடியாது என்று 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அந்தச் சட்டமும் பொருந்தாது, சொந்தச் சட்டமும் செல்லாது.

அந்த மாதம் முடிவதற்குள் ப்ரோமெசா என்ற சட்டம் வந்தது. ஏழு பேர் கொண்ட நிதி மேற்பார்வை வாரியம். அவர்களை நியமிப்பது அமெரிக்க அதிபர். தீவு மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சட்டசபை போடும் பட்ஜெட்டை இந்த ஏழு பேர் சரியில்லை என்று திருப்பி அனுப்பலாம், மாற்றி எழுதலாம். வாரியத்தின் செலவு முழுவதும் தீவின் பணத்திலிருந்து. தீவில் அதை லா ஹுந்தா என்கிறார்கள், ஸ்பானிஷில் வாரியம் என்று பொருள். பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன்: 2022 ஜனவரியில் கோர்ட் ஒப்புக்கொண்ட திட்டத்தில் 3,300 கோடி டாலர் கடன் சுமார் 740 கோடிக்கு இறங்கியது. கணக்குப்பிள்ளையாகப் பார்த்தால் நல்ல பேரம். மின்வாரியக் கடன் சுமார் 900 கோடி டாலர் மட்டும் வருஷக்கணக்காக இழுபறியிலேயே கிடந்தது.

இதற்கு நடுவில் 2012-இல் ஒரு சலுகைச் சட்டம்: வெளியிலிருந்து தீவுக்குக் குடிவருகிற பணக்காரருக்கு, அங்கே வந்த பிறகு சேரும் முதலீட்டு லாபத்துக்கு வரி இல்லை. தீவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது கிடையாது. அவர் கடையில் வாங்கும் சாமானுக்கு 2015 முதல் பதினொன்றரை விழுக்காடு விற்பனை வரி கட்டுகிறார். இதைத் தீவின் சொந்தச் சட்டசபைதான் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து பணம் வந்தால்தான் பிழைப்பு என்று நூறு வருஷம் பழக்கப்பட்டவர்கள், கையில் கிடைத்த கொஞ்ச அதிகாரத்தையும் அதற்கே செலவழிக்கிறார்கள்.

என் அக்கா மகன் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் வேலை பார்க்கிறான். மரியா புயலுக்குப் பிறகு தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர். அவன் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான். ஒரு நாள் போனில் கேட்டேன், “ஏல, அவர் என்ன சொல்லுதாரு? தனி நாடு கேக்காரா, மாநிலம் கேக்காரா?”

“மாமா, அவரு ரெண்டையும் பத்திப் பேசவே மாட்டாரு. பொருளுக்கு அங்க என்ன வெல, இங்க என்ன வெலன்னுதான் பேசுவாரு. இன்னொன்னு சொன்னாரு. ஊர்ல இருந்த வரைக்கும் அதிபருக்கு ஓட்டுப் போட முடியலையாம். இங்க வந்து வீடு எடுத்ததும் ஓட்டு வந்திட்டாம். அதே பாஸ்போர்ட்டு, அதே ஆளு.”

2010-இல் தீவின் மக்கள்தொகை 37 லட்சம். 2020-இல் 33 லட்சத்துக்கும் கீழே. விசா வேண்டாம், விமான டிக்கெட் போதும் என்றால் போகத்தான் செய்வார்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை இருப்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் மட்டுமா காரணம்? தேரிக்காட்டில் பிழைப்பில்லாததும் காரணம். போனவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஊரில் வயதானவர்கள் மட்டும் மிச்சம். மருமகனிடம் இதைச் சொன்னபோது, “நானும் அந்தக் கணக்குல வருவேன்ல மாமா” என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பாளையங்கோட்டையில் சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசுவது வழக்கம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கறாரான மனிதர். நான் தீவுக் கதையைச் சொன்னதும், “தனி நாடாப் போயிட்டா எல்லாம் சரியாயிருமா வே? கொடியத் தின்ன முடியுமா?” என்றார். நியாயமான கேள்வி.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் போய் நின்றால் அவருக்குப் பாதிப் பதில் கிடைக்கும். மாலத்தீவுக்குப் போகிற தோணிகள் அங்கேதான் சரக்கு ஏற்றும். வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி, செங்கல், ஜல்லி, மணல். மூட்டையைத் தலையில் தூக்கிப் பலகை மேல் ஓடுகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. பலகை ஆடும்; ஆட்டத்துக்கு எதிராகக் காலை வைத்தால் விழுந்துவிடுவோம், அதோடு சேர்ந்து வைக்க வேண்டும் என்பார்கள். தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணி போகாது. மாலத்தீவு 1965-இல் பிரிட்டனிடமிருந்து முழுச் சுதந்திரம் பெற்றுவிட்டது. தனிக்கொடி, தனி நாணயம், ஐ.நா.வில் நாற்காலி. ஆனால் வெங்காயம் இன்னும் எங்கள் பலகை வழியாகத்தான் போகிறது. அந்த மட்டில் வாத்தியார் சொன்னது சரி.

மீதிப் பாதி வேறு. 2023, 24-இல் மாலத்தீவுக்கும் டெல்லிக்கும் முட்டிக்கொண்டது நினைவிருக்கும். அவர்கள் துருக்கி பக்கம் பேசினார்கள், சீனாவுக்குப் போனார்கள். சண்டைக்கு நடுவிலேயே, 2024 ஏப்ரலில், முட்டை, அரிசி, வெங்காயம், சர்க்கரை எல்லாம் அவர்களுக்கு ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதித்த அளவு, 1981-இல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்கு அதிகம். அது பாசத்தால் வந்த தாராளம் என்று நான் நினைக்கவில்லை. வேறு கடைக்குப் போகக்கூடிய வாடிக்கையாளரிடம் எந்தக் கடைக்காரனும் கொஞ்சம் இறங்கித்தான் வருவான். புவேர்ட்டோ ரிக்கோவால் போக முடியாது. அதன் கைகளில் பணம் மாலத்தீவைவிட அதிகம், ரோடு நல்லது, தலைக்கு வருமானமும் அதிகம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை.

அந்த உரிமைக்குத் தனி நாடுதான் வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. ஃபாக்லாந்து தீவுகள் இன்றும் பிரிட்டனுக்குக் கட்டுப்பட்டவை. 1982-இல் அர்ஜென்டினா படையெடுத்துப் போர் நடந்த இடம். அதற்கு முன்னால் அங்கே செம்மறியாட்டு ரோமத்தைத் தவிர வேறு பெரிய வருமானம் இல்லை. நிலத்தில் பாதிக்குக் கிட்ட ஒரே கம்பெனி கையில், லாபம் கப்பலேறி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1986-இல் தீவைச் சுற்றிய கடலை மீன்பிடி மண்டலமாக அறிவித்து, மறுவருஷம் முதல் வெளிநாட்டுப் படகுகளுக்கு லைசென்ஸ் விற்கத் தொடங்கினார்கள். அங்கே கிடைப்பது கணவாய். உவரியிலும் கூத்தங்குழியிலும் வலையில் விழுகிற அதே இனத்தின் தூரத்துச் சொந்தம். ஸ்பெயின்காரர்களும் கிழக்காசியக் கப்பல்களும் வரிசையில் நின்றன. சில வருஷத்திலேயே தீவின் வருமானம் பல மடங்கானது. பாதுகாப்பைத் தவிர மற்றச் செலவுகளுக்கு லண்டனிடம் அவர்கள் கையேந்துவதில்லை. கொடி மாறவில்லை, லைசென்ஸ் புத்தகம் கைமாறியது. 2013-இல் வாக்கெடுப்பு வைத்தபோது பிரிட்டனோடு இருக்க 1,513 பேர் சம்மதம் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு கடல் நிறையக் கணவாய் போதும், 32 லட்சம் பேருக்குப் போதாது என்று வாத்தியார் சொன்னார். போதாதுதான். நான் சொன்னது கணவாயை இல்லை, லைசென்ஸை.

அப்படியென்றால் வ.உ.சி.யும் கூலியைக் கையில் எடுத்தாரே, ஏன் நிற்கவில்லை என்று வாத்தியாரே அடுத்த கேள்வியைப் போட்டார். கப்பலில் ஓட்டை இல்லை. ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் வ.உ.சி. நின்றார். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலியே எழுந்தது. நகராட்சி அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளியே வருவதற்குள் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. கப்பலைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். கூலி அவர் கையில், கோர்ட் அடுத்தவன் கையில். நான் அந்தக் கம்பெனியைத் தோல்வி என்று எழுத மாட்டேன். ஆனால் கப்பல் மட்டும் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன்.

புவேர்ட்டோ ரிக்கோவில் அரசியல் பேச்சு பெரும்பாலும் கொடியைச் சுற்றியே போகிறது: அமெரிக்காவின் 51-ஆவது மாநிலமா, தனி நாடா, நடுவில் ஏதாவதா. 1967-லிருந்து இதற்கே ஏழு வாக்கெடுப்பு நடத்திவிட்டார்கள். கடைசியாக 2024 நவம்பரில் மாநிலம் கேட்டவர்கள் 58 விழுக்காட்டுக்கு மேல். அமெரிக்காவோடு உடன்பாடு வைத்துக்கொண்ட தனி நாடு கேட்டவர்கள் 30-ஐ ஒட்டி. முழுச் சுதந்திரம் கேட்டவர்கள் 12 அளவில். ஒன்றும் எழுதாமல் வெற்றுச் சீட்டைப் போட்டவர்களும் ஏராளம். இதில் எதுவும் வாஷிங்டனைக் கட்டுப்படுத்தாது. மாநிலமாகிவிட்டாலும் ஜோன்ஸ் சட்டம் போகாது. ஹவாய் மாநிலமாகி 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர்களும் அதே கப்பலில்தான் சாமான் வாங்குகிறார்கள். ஆனால் ஹவாய்க்கு இரண்டு செனட்டர்கள் இருக்கிறார்கள், வேண்டுமானால் கத்தலாம். என்னைக் கேட்டால் அந்த மக்கள் முதலில் பிடுங்க வேண்டியது கப்பல் விலக்கை. வர்ஜின் தீவுகளுக்குக் கொடுத்த ஒன்றைக் கேட்பதற்கு எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை.

பட்ஜெட் விஷயம் அவ்வளவு லேசில்லை. மேற்பார்வை வாரியம் எப்போது கிளம்பும் என்பதை ப்ரோமெசா சட்டமே எழுதி வைத்திருக்கிறது: நியாயமான வட்டிக்குச் சந்தையில் கடன் கிடைக்கிற நிலை வர வேண்டும், தொடர்ந்து நான்கு வருஷம் வரவுக்குள் செலவை முடிக்க வேண்டும். அந்த நான்கு வருஷக் கணக்கு சரியாக இருக்கிறது என்று சான்று கொடுக்க வேண்டியதும் அதே வாரியம்தான்.